குறுகிய வழி, நெடுந்தூரம்: தீவுகளுக்குக் கோப்பு அனுப்பும் அறிவியல்

ஒரு கணினியிலிருந்து மற்றொன்றுக்குக் கோப்பு போய்ச் சேர ஆகும் நேரத்தை இரண்டு அளவுகள் தீர்மானிக்கின்றன. ஒன்று கொள்ளளவு: இணைப்பு ஒரு விநாடிக்கு எத்தனை பிட் சுமக்கும் என்பது. மற்றொன்று தாமதம்: அனுப்பிய பிட் மறுமுனையை அடைய எவ்வளவு நேரம் ஆகும் என்பது. ஒரே ஊருக்குள் தொலைபேசிக் கம்பியால் இணைந்த இரு கணினிகளுக்குத் தாமதம் பொருட்டே அல்ல, கொள்ளளவுதான் கவலை. இந்தியப் பெருநிலத்திலிருந்து 1,000 கிலோமீட்டருக்கு அப்பால் வங்கக் கடலில் கிடக்கும் அந்தமான் நிக்கோபார் தீவுகளுக்கு இரண்டுமே கவலையாக இருந்தன. 2020 ஆகஸ்ட் வரை அங்கே கண்ணாடியிழைக் கம்பி போய்ச் சேரவில்லை. பெருநிலத்தோடு பேசவும் எழுதவும் செயற்கைக்கோளே வழி.

வீட்டுக் கணினிகளின் தொடக்க காலமான 1970களின் இறுதியிலும் 1980களிலும் எழுதப்பட்ட இரண்டு வகை மென்பொருள்கள் இந்த இரண்டு குறைகளுக்கும் தனித்தனியே விடை தேடின. கோப்பைச் சுருக்கும் மென்பொருள் கொள்ளளவின் குறையை ஈடுகட்டியது. கோப்பைப் பிழையில்லாமல் கொண்டுசேர்க்கும் தொடர்பு மென்பொருள் தாமதத்தோடு மல்லுக்கட்டியது. ஒன்றின் மருந்து மற்றொன்றின் நோயைத் தீர்க்காது. தீவுகளின் தொடர்பு வரலாற்றில் இந்த வேறுபாடு தெளிவாகத் தெரிகிறது.

தந்திக் காலத்துச் சுருக்கம்

அந்தமானுக்கும் வெளியுலகுக்கும் இடையே மின் செய்தி ஓடத் தொடங்கியது கணினிக்கு வெகு காலம் முன்பு. 1905 வாக்கில் பர்மாவின் ஐராவதி முகத்துவாரத்தை ஒட்டிய டைமண்ட் தீவுக்கும் போர்ட் பிளேருக்கும் இடையே கம்பியில்லாத் தந்தி அமைக்கப்பட்டது. லாட்ஜ்–மியூர்ஹெட் முறை எனப்பட்ட அந்த இணைப்பு ஏறத்தாழ 500 கிலோமீட்டர் கடலைத் தாண்டியது. போர்ட் பிளேர் செய்திகள் டைமண்ட் தீவு வழியாகத் தரைவழித் தந்தி வலையை அடைந்தன.

தந்தியில் சொல்லுக்குச் சொல் காசு. எனவே உலகெங்கும் வணிகர்கள் தந்திக் குறிநூல்களை வைத்திருந்தார்கள். "சரக்கு கப்பலில் ஏறிவிட்டது, பணத்தை அனுப்புக" என்பது போன்ற முழு வாக்கியத்துக்கு ஒரே ஒரு குறிச்சொல். அனுப்புபவரிடமும் பெறுபவரிடமும் அதே நூல் இருந்தால் போதும். மோர்ஸ் குறியீட்டிலும் இதே சிக்கனம் இருந்தது: ஆங்கிலத்தில் அடிக்கடி வரும் ஈ என்ற எழுத்துக்கு ஒரே புள்ளி, அரிதான எழுத்துகளுக்கு நீண்ட குறிகள். அடிக்கடி வரும் எழுத்துக்குக் குட்டைக் குறி, திரும்பத் திரும்ப வரும் தொடருக்கு ஒற்றைக் குறி. பின்னாளில் கணினிக் கோப்புகளைச் சுருக்கிய மென்பொருள்கள் அனைத்தும் இந்த இரண்டு யோசனைகளின் மேல்தான் நின்றன.

மோடமும் வீட்டுக் கணினியும்

1970களின் பிற்பகுதியில் தனிமனிதர்கள் வாங்கக்கூடிய கணினிகள் வந்தன. அவற்றின் நினைவகம் பெரும்பாலும் 64 கிலோபைட்டுக்குள் அடங்கியது. ஒன்றோடொன்று பேச அவற்றுக்குக் கிடைத்த ஒரே பொது வழி தொலைபேசி. கணினியின் 0, 1 குறிகளை ஒலியாக மாற்றி அனுப்பி, மறுமுனையில் ஒலியை மீண்டும் குறிகளாக்கும் கருவியே மோடம். தொடக்க கால மோடம்கள் விநாடிக்கு 300 பிட் வேகத்தில் ஓடின. பின்னர் 1,200, 2,400, 9,600 என்று வளர்ந்து, 1990களின் இறுதியில் 56,000இல் நின்றன.

இந்த எண்களை நேரமாக்கிப் பார்த்தால்தான் அவற்றின் கனம் புரியும். மோடம் ஒவ்வொரு பைட்டுக்கும் தொடக்கக் குறி ஒன்று, முடிவுக் குறி ஒன்று சேர்த்து 10 பிட் அனுப்பும். எனவே 2,400 பிட் மோடம் விநாடிக்கு 240 பைட் கொடுக்கும். அக்காலத்து 360 கிலோபைட் ஃபிளாப்பி ஒன்றின் உள்ளடக்கத்தை அனுப்ப 25 நிமிடத்துக்கு மேல் ஆகும். 300 பிட் மோடத்தில் அதுவே ஏறத்தாழ மூன்றரை மணி நேரம். எஸ்.டி.டி. அழைப்புக்கு விநாடிக் கணக்கில் கட்டணம் ஓடிக்கொண்டிருக்கும் காலம் அது. கோப்பைப் பாதியாகச் சுருக்கினால் கட்டணமும் பாதியாகும்.

இந்தியாவில் இத்தகைய கணினிகள் பரவலாக மாணவர் கண்ணில் பட்டது 1984இல் தொடங்கிய பள்ளிக் கணினிக் கல்வித் திட்டத்தில். கிளாஸ் எனப்பட்ட அத்திட்டம் பிரிட்டனின் பிபிசி மைக்ரோ கணினியைப் பள்ளிகளுக்குக் கொண்டுவந்தது. கல்வி நிறுவனங்களை இணைக்கும் எர்நெட் 1986இல் தொடங்கியது, சென்னை ஐ.ஐ.டி. அதன் தொடக்க மையங்களில் ஒன்று. அதே பத்தாண்டின் பிற்பகுதியில் தேசியத் தகவலியல் மையம் நிக்நெட் என்ற செயற்கைக்கோள் வலையை அமைத்து, மாநில, யூனியன் பிரதேசத் தலைநகரங்களையும் மாவட்டத் தலைநகரங்களையும் டெல்லியோடு இணைத்தது. தரைக்கம்பி எட்டாத ஊர்களுக்குச் சிறு தட்டு ஆண்டெனாவே வழி என்று கண்ட வலை அது. பொதுமக்களுக்கான இணையச் சேவையை வி.எஸ்.என்.எல். 1995 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. அதுவும் பெருநகரங்களில்தான் முதலில் கிடைத்தது.

பிழையில்லாமல் அனுப்புவது

தொலைபேசிக் கம்பியில் இரைச்சல் உண்டு. பேச்சின் நடுவே ஒரு கரகரப்பு கேட்டால் மனிதக் காது அதைக் கடந்துவிடும். நிரல் கோப்பில் ஒரு பிட் மாறினால் நிரல் ஓடாது. 1977இல் சிகாகோவின் வார்ட் கிறிஸ்டென்சன் இதற்கு எழுதிய எளிய விடை, பின்னர் எக்ஸ்மோடம் என்ற பெயரில் உலகெங்கும் பரவியது. 1978 பிப்ரவரியில் அவரும் ராண்டி சூஸும் சேர்ந்து முதல் கணினி அறிவிப்புப் பலகையைத் தொடங்கினார்கள். தொலைபேசியில் அழைத்து, செய்தி படித்து, கோப்பு இறக்கிக்கொள்ளும் இத்தகைய பி.பி.எஸ். மையங்கள் இணையத்துக்கு முந்தைய பொதுச் சந்தையாக இருந்தன. இந்தியாவிலும் 1980களின் இறுதியிலிருந்து பெங்களூர், மும்பை போன்ற நகரங்களில் ஆர்வலர்கள் அவற்றை நடத்தினார்கள்.

எக்ஸ்மோடம் கோப்பை 128 பைட் துண்டுகளாக வெட்டும். ஒவ்வொரு துண்டுக்கும் முன்னால் மூன்று பைட்: ஒரு தொடக்கக் குறி, துண்டின் எண், அந்த எண்ணின் எதிர்வடிவம். பின்னால் ஒரு பைட்: 128 பைட்டுகளையும் கூட்டி வந்த தொகையின் கடைசி எட்டு பிட். ஆக மொத்தம் 132 பைட். பெறும் கணினி தானும் கூட்டிப் பார்க்கும். தொகை பொருந்தினால் "கிடைத்தது" என்று ஒரு பைட் அனுப்பும். பொருந்தாவிட்டால் "மறுபடி அனுப்பு" என்று ஒரு பைட். அந்தப் பதில் வரும்வரை அனுப்பும் கணினி கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கும்.

வெறும் கூட்டல் எல்லாப் பிழையையும் பிடிக்காது. இரண்டு பைட் இடம் மாறினாலும் கூட்டுத்தொகை மாறாது. எனவே பின்வந்த பதிப்புகளில் சி.ஆர்.சி. என்ற வகுத்தல் முறை சேர்க்கப்பட்டது. துண்டு முழுவதையும் ஒரே பெரிய இருமை எண்ணாகக் கருதி, முன்பே தேர்ந்த ஒரு எண்ணால் தனி விதிப்படி வகுத்து, மீதியை உடன் அனுப்புவது அது. 16 பிட் சி.ஆர்.சி., அடுத்தடுத்த 16 பிட்டுக்குள் நிகழும் எந்தச் சேதத்தையும் தவறாமல் பிடித்துவிடும். தொலைபேசி இரைச்சல் பெரும்பாலும் இப்படிக் கொத்தாகவே வரும் என்பதால் இது பொருத்தமான காவல்.

செயற்கைக்கோளின் அரை விநாடி

உள்ளூர்த் தொலைபேசியில் "கிடைத்தது" என்ற பதில் கண்ணிமைக்கும் நேரத்தில் திரும்பிவிடும். செயற்கைக்கோள் வழியில் கதை வேறு. இன்சாட் வகைத் தொடர்புச் செயற்கைக்கோள்கள் நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில், பூமி சுழலும் அதே வேகத்தில் சுற்றுகின்றன. அதனால்தான் தரையிலிருந்து பார்க்க அசையாமல் நிற்பது போல் தெரிகின்றன. ஆண்டெனாவையும் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டியதில்லை. அந்த வசதிக்கான விலை தூரம். சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கு நேர்கோட்டில் ஏறத்தாழ 1,360 கிலோமீட்டர்தான். செயற்கைக்கோள் வழியாகப் போகும் குறியோ மேலே ஏறி இறங்க 72,000 கிலோமீட்டர் பயணிக்கிறது. ஒளியின் வேகத்தில் இதற்கு 0.24 விநாடி. பதிலும் அதே வழியில் வர வேண்டும். ஆக மொத்தம் ஏறத்தாழ அரை விநாடி.

பல சிறு நிலையங்கள் ஒரே மையத் தரைநிலையத்தோடு மட்டும் பேசும் அமைப்பில், ஒரு சிறு நிலையத்திலிருந்து மற்றொரு சிறு நிலையத்துக்குப் போகும் செய்தி செயற்கைக்கோளுக்கு இரண்டு முறை ஏறி இறங்க வேண்டும். அப்போது பதில் வர ஒரு விநாடி ஆகும்.

எக்ஸ்மோடம் முறையை இந்த வழியில் ஓட்டினால் என்ன ஆகும் என்று கணக்கிடலாம். 300 பிட் வேகத்தில் 132 பைட் அனுப்ப 4.4 விநாடி, அதன்மேல் அரை விநாடி காத்திருப்பு. கொள்ளளவில் 87 விழுக்காடு பயன்படுகிறது. குறை சொல்ல ஒன்றுமில்லை. 2,400 பிட் வேகத்தில் அனுப்ப 0.55 விநாடி, காத்திருக்க அரை விநாடி. விநாடிக்கு 240 பைட் போக வேண்டிய இடத்தில் 122 மட்டுமே போகும். 9,600 பிட் வேகத்தில் அனுப்ப 0.14 விநாடிதான், காத்திருப்பு அதே அரை விநாடி. 960 பைட் போகும் வழியில் 200 பைட். ஐந்தில் நான்கு பங்கு நேரம் இணைப்பு வெறுமனே கிடக்கிறது. மோடத்தின் வேகத்தை நான்கு மடங்காக்கியும் கோப்பு போகும் வேகம் 1.6 மடங்குதான் கூடுகிறது. கொள்ளளவைக் காசு கொடுத்துக் கூட்டலாம். தாமதம் அந்தக் காசுக்கு மசியாது.

காத்திராமல் அனுப்புவது

இதற்கு முதலில் தோன்றிய தீர்வு, துண்டைப் பெரிதாக்குவது. சக் ஃபோர்ஸ்பெர்க் உருவாக்கிய ஒய்மோடம் 128 பைட்டுக்குப் பதிலாக 1,024 பைட் துண்டுகளை அனுப்பியது. 9,600 பிட் செயற்கைக்கோள் வழியில் பயன்பாடு 21 விழுக்காட்டிலிருந்து 68 விழுக்காடாக உயரும். ஆனால் துண்டில் ஒரு பிட் கெட்டாலும் 1,024 பைட்டையும் மறுபடி அனுப்ப வேண்டும்; இரைச்சல் மிகுந்த கம்பியில் இது நட்டம்.

இரண்டாவது தீர்வு, பதிலுக்குக் காத்திராமல் அடுத்தடுத்த துண்டுகளை அனுப்பிக்கொண்டே போவது. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1981இல் ஃபிராங்க் டா குரூஸும் பில் கேச்சிங்ஸும் தொடங்கிய கெர்மிட் முறை, பெருங்கணினியிலிருந்து வீட்டுக் கணினிவரை எல்லா வகை இயந்திரங்களையும் இணைப்பதற்காக உருவானது. அதன் பிந்தைய பதிப்புகள் 31 துண்டுகள் வரை பதில் வராமலே வழியில் இருக்க அனுமதித்தன. எந்தத் துண்டுக்குப் பதில் வரவில்லையோ அதை மட்டும் மறுபடி அனுப்பினால் போதும்.

ஃபோர்ஸ்பெர்க் 1986இல் வெளியிட்ட இசட்மோடம் இன்னும் ஒரு படி போனது. கோப்பு நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும். பிழை கண்டால் மட்டுமே பெறும் கணினி குறுக்கிட்டு, "இத்தனையாவது பைட்டிலிருந்து மறுபடி தொடங்கு" என்று சொல்லும். அழைப்பு நடுவில் அறுந்தாலும், மறுபடி இணைந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அரை விநாடித் தாமதம் கோப்பின் தொடக்கத்திலும் முடிவிலும் மட்டுமே உறைக்கும். இந்தியாவில் 1990களின் நடுவில் வி.எஸ்.என்.எல்.லின் எழுத்து வடிவ ஷெல் கணக்கு வைத்திருந்தவர்களுக்கு இது கைவந்த கருவி. கோப்பு முதலில் வி.எஸ்.என்.எல். கணினிக்கு இறங்கும், அங்கிருந்து இசட்மோடம் வழியாக வீட்டுக்கு வரும்.

இணையத்தின் அடிப்படையான டி.சி.பி. நெறிமுறையும் இதே சிக்கலைச் சந்தித்தது. அதன் தொடக்க வடிவம், பதில் வராமல் அதிகபட்சம் 64 கிலோபைட் மட்டுமே அனுப்பும். அரை விநாடித் தாமதமுள்ள வழியில் ஒரு தொடர்புக்கு விநாடிக்கு 128 கிலோபைட், அதாவது ஏறத்தாழ 10 லட்சம் பிட்டுக்கு மேல் போகாது. செயற்கைக்கோளில் எவ்வளவு இடம் இருந்தாலும் பயனில்லை. 1992இல் இந்த வரம்பைப் பெரிதாக்க வழி வகுக்கப்பட்டது. பின்னர் செயற்கைக்கோள் தரைநிலையங்களில் இடைநிலைக் கருவிகள் வந்தன. தொலைவிலிருக்கும் கணினியின் சார்பில் அவையே "கிடைத்தது" என்று உடனே பதில் சொல்லி, அனுப்பும் கணினியைக் காத்திருக்க விடாமல் பார்த்துக்கொண்டன.

எழுத்துகளை எடைபோடும் ஹஃப்மன் முறை

கொள்ளளவின் குறைக்கு மருந்து சுருக்கம். அதன் கணித அடித்தளம் 1948இல் கிளாட் ஷானன் எழுதிய தகவல் கோட்பாடு. எதிர்பார்த்த செய்தியில் தகவல் குறைவு, எதிர்பாராத செய்தியில் தகவல் அதிகம். எனவே எதிர்பார்க்கும் குறிக்குக் குறைந்த பிட் போதும். 1951இல் எம்.ஐ.டி.யில் ராபர்ட் ஃபானோவின் மாணவராக இருந்த டேவிட் ஹஃப்மன், தேர்வுக்குப் பதிலாக எழுதிய கட்டுரையில் இதற்கான சிறந்த குறிமுறையைக் கண்டார்.

ஒரு தீவின் வானிலைக் குறிப்பை எட்டு நாளைக்கு அனுப்புவதாகக் கொள்வோம். தெளிவு நான்கு நாள், மேகம் இரண்டு நாள், மழை ஒரு நாள், புயல் ஒரு நாள். நான்கு நிலைகளுக்கும் சம நீளக் குறி கொடுத்தால் தலைக்கு 2 பிட், மொத்தம் 16 பிட். ஹஃப்மன் முறையில் மிக அரிதான இரண்டை முதலில் ஒரே கிளையில் சேர்க்க வேண்டும்; அந்தக் கிளையை அடுத்த அரிதானதோடு சேர்க்க வேண்டும்; இப்படியே மேலேறி மரம் முழுமையானதும் கிளைகளுக்கு 0, 1 என்று பெயரிட வேண்டும். தெளிவுக்கு 0, மேகத்துக்கு 10, மழைக்கு 110, புயலுக்கு 111 என்று கிடைக்கும். மொத்தம் 14 பிட். எந்தக் குறியும் மற்றொரு குறியின் தொடக்கமாக இல்லாததால், இடைவெளி இல்லாமல் அடுக்கினாலும் குழப்பமின்றிப் பிரித்துவிடலாம்.

சி.பி.எம். இயக்க முறைமையில் ஓடிய வீட்டுக் கணினிகளுக்கு 1981இல் ரிச்சர்ட் கிரீன்லா எழுதிய ஸ்க்வீஸ் நிரல் இந்த முறையைப் பயன்படுத்தியது. 64 கிலோபைட் நினைவகத்துக்குள் அடங்கி ஓடியதே அதன் சிறப்பு.

முன்பு வந்ததைச் சுட்டும் முறை

எழுத்துகளின் எண்ணிக்கையை மட்டும் பார்க்கும் ஹஃப்மன் முறைக்கு, முழுச் சொற்கள் திரும்ப வருவது தெரியாது. இஸ்ரேலின் டெக்னியன் நிறுவனத்தைச் சேர்ந்த ஜேக்கப் ஸிவ், ஆபிரகாம் லெம்பல் இருவரும் 1977, 1978 ஆண்டுகளில் வெளியிட்ட இரண்டு கட்டுரைகள் அந்தக் குறையைத் தீர்த்தன.

முதல் முறையில், ஒரு தொடர் முன்பே வந்திருந்தால் அதை மறுபடி எழுதாமல், "இத்தனை பைட் பின்னால் போய், இத்தனை பைட் எடுத்துக்கொள்" என்று மட்டும் எழுதினால் போதும். கப்பல் நேரப் பட்டியலில் "போர்ட் பிளேர்" என்ற பெயர் நூறு முறை வந்தால், முதல் முறை மட்டுமே முழுதாக எழுதப்படும். மற்ற 99 இடங்களில் சுட்டிகள் நிற்கும். இரண்டாம் முறையில் கோப்பைப் படிக்கப் படிக்கவே ஓர் அகராதி உருவாகிறது. தொடர்களுக்குப் பதிலாக அகராதி எண்கள் அனுப்பப்படுகின்றன. 1984இல் டெரி வெல்ச் இதைச் செப்பனிட்டார். எல்.இசட்.டபிள்யூ. எனப்படும் அந்த வடிவத்தின் நயம், அகராதியை உடன் அனுப்பத் தேவையில்லை என்பது. விரிக்கும் கணினி, வந்துசேரும் எண்களிலிருந்தே அதே அகராதியைத் தானும் கட்டிக்கொள்ளும். தந்திக் குறிநூலை இரு முனையிலும் முன்கூட்டியே வைத்திருக்க வேண்டிய தேவை இதனால் ஒழிந்தது.

ஆர்க் முதல் ஜிப் வரை

பி.பி.எஸ். காலத்துப் பயனருக்குச் சுருக்கம் மட்டும் போதவில்லை. ஒரு நிரலுக்குரிய பல கோப்புகள் ஒரே கட்டாக வர வேண்டியிருந்தது. 1985இல் தாம் ஹென்டர்சனின் நிறுவனம் வெளியிட்ட ஆர்க், கட்டுவதையும் சுருக்குவதையும் ஒரே நிரலில் சேர்த்தது. மில்வாக்கியைச் சேர்ந்த ஃபில் காட்ஸ் அதே வடிவத்தில் வேகமான நிரல் எழுதினார். 1988இல் அவர்மீது வழக்கு வந்தது. வழக்கு சமரசமானபின் 1989இல் அவர் ஜிப் என்ற புதிய வடிவத்தைத் தன் பி.கே.ஜிப் நிரலோடு வெளியிட்டு, வடிவத்தின் விவரத்தை யாரும் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டார். ஜிப் நிலைத்ததற்கு இந்தத் திறப்பும் முக்கியக் காரணம். ஜப்பானில் அதே ஆண்டுகளில் ஹருயாசு யோஷிசாகியின் எல்.எச்.ஏ. பரவியது.

1993இல் வந்த பி.கே.ஜிப்பின் இரண்டாம் பதிப்பு டிஃப்ளேட் என்ற முறையைக் கொண்டுவந்தது. முதலில் ஸிவ்–லெம்பல் முறைப்படி 32 கிலோபைட் பின்னால் வரை தேடித் திரும்ப வரும் தொடர்களைச் சுட்டிகளாக்கும். பின்னர் எழுத்துகளையும் சுட்டிகளையும் ஹஃப்மன் முறைப்படி குட்டைக் குறிகளாக்கும். 1996இல் இது இணையத்தின் பொதுத் தர ஆவணமாக வெளியிடப்பட்டது. எல்.இசட்.டபிள்யூ. முறைக்குக் காப்புரிமை உரிமையாளர் கட்டணம் கேட்கத் தொடங்கியிருந்த காலம் அது. கட்டணமில்லாத டிஃப்ளேட் அந்த இடத்தை நிரப்பியது. ஜிசிப், பி.என்.ஜி. படங்கள், வலைப்பக்கங்கள் அனுப்பப்படும் முறை ஆகியவற்றிலும் இதுவே இயங்குகிறது.

தமிழ் எழுத்துக்குச் சுருக்கம்

தமிழ்க் கோப்புகளில் சுருக்கத்துக்கு ஒரு தனிப் பயன் உண்டு. 1990களில் புழங்கிய டிஸ்கி, 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டித் தமிழ்நாடு அரசு ஏற்ற டாப், டாம் ஆகிய குறிமுறைகளில் ஒவ்வொரு வடிவத்துக்கும் ஒரு பைட். "அந்தமான்" என்ற சொல் டிஸ்கியில் 6 பைட்டில் அடங்கும். யூனிகோடில் புள்ளியும் துணையெழுத்தும் தனித்தனிக் குறிகள் என்பதால் அதே சொல் 8 குறிகள், யூ.டி.எஃப். 8 முறையில் குறிக்கு 3 பைட் வீதம் 24 பைட். நான்கு மடங்கு.

ஆனால் இந்தப் பருமனில் பெரும்பகுதி வெற்றுப் பருமன். தமிழின் எந்தக் குறியாக இருந்தாலும் முதல் பைட் 224. இரண்டாவது பைட் 174 அல்லது 175. மூன்றாவது பைட்தான் எழுத்தைக் காட்டுகிறது. எப்போதும் ஒன்றாகவே வரும் பைட்டில் தகவல் இல்லை என்பது ஷானன் சொன்ன பாடம். டிஃப்ளேட் இதைத் தானாகவே கண்டுகொள்கிறது. "போர்ட் பிளேர்" என்ற 37 பைட் பெயர் இரண்டாம் முறை வரும்போது வழக்கமாக இரண்டு மூன்று பைட் சுட்டியாகிவிடும். எனவே தமிழ் வலைப்பக்கம் ஒன்றைச் சுருக்கி அனுப்புவதில் கிடைக்கும் மிச்சம், அதே அளவு ஆங்கில எழுத்துகள் கொண்ட பக்கத்தில் கிடைப்பதைவிடப் பொதுவாக அதிகம்.

சுருக்கத்தின் எல்லை

எல்லாக் கோப்புகளையும் சுருக்கும் நிரல் ஒன்றை யாராலும் எழுத முடியாது. 1,000 பிட் நீளமுள்ள கோப்புகள் 2இன் 1,000ஆவது அடுக்கு எண்ணிக்கையில் இருக்கின்றன. அதைவிடக் குட்டையான கோப்புகள் அனைத்தையும் கூட்டினாலும் அந்த எண்ணிக்கையில் ஒன்று குறையும். ஒவ்வொரு கோப்புக்கும் தனித்தனிக் குட்டை வடிவம் கொடுக்க இடமே இல்லை. ஒழுங்கு உள்ள கோப்பைத்தான் சுருக்கலாம். சுருக்கிய கோப்பில் ஒழுங்கு மிஞ்சுவதில்லை என்பதால் அதை மறுபடி சுருக்கிப் பயனில்லை. 1980களின் மோடம்களில் இருந்த எம்.என்.பி. 5 என்ற சுருக்க முறை, ஏற்கெனவே ஜிப் செய்த கோப்பு வந்தால் அதைச் சற்றுப் பெரிதாக்கிவிடும். பின்வந்த வி.42 பிஸ் முறை அதை உணர்ந்து, அத்தகைய தரவை அப்படியே விட்டுவிடக் கற்றது.

சுருக்கிய கோப்பு நொய்மையானதும்கூட. வெறும் எழுத்துக் கோப்பில் ஒரு பிட் கெட்டால் ஓர் எழுத்துதான் பிழையாகும். சுருக்கிய கோப்பில் அந்த ஒரு பிட்டுக்குப் பின்னால் வருவது முழுவதும் சிதையலாம். பின்னால் வரும் சுட்டிகள் எல்லாம் முன்னால் வந்ததை நம்பி நிற்பவை. அதனால்தான் ஜிப் ஒவ்வொரு கோப்புக்கும் 32 பிட் சி.ஆர்.சி. ஒன்றை உடன் வைத்திருக்கிறது. சுருக்க நிரலும் தொடர்பு நிரலும் ஒன்றுக்கொன்று தேவைப்பட்டதன் காரணமும் இதுவே.

கப்பலில் போன தரவு

கொள்ளளவும் தாமதமும் வேறு வேறு என்பதற்குத் தீவுகளின் கப்பல் போக்குவரத்து நல்ல சான்று. சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்குப் பயணிகள் கப்பல் ஏறத்தாழ 60 மணி நேரத்தில் சேரும். நூறு 1.44 மெகாபைட் ஃபிளாப்பிகள் ஒரு பெட்டியில் போவதாகக் கொண்டால், 60 மணி நேரத்தில் 14.7 கோடி பைட்; விநாடிக்கு ஏறத்தாழ 680 பைட். இது 2,400 பிட் மோடம் இரவு பகல் ஓயாமல் ஓடினால் தருவதைவிட இரண்டரை மடங்குக்கு மேல். 650 மெகாபைட் சி.டி. ஒன்றே ஒன்று போனாலும் 28,800 பிட் மோடத்தை விஞ்சிவிடும். கொள்ளளவில் கப்பல் வென்றாலும், "கிடைத்ததா" என்று கேட்டுப் பதில் பெற ஐந்து நாள் ஆகும்.

பெரிய கோப்பைப் பல ஃபிளாப்பிகளுக்குப் பகிர்ந்து சுருக்கும் வசதி ஏ.ஆர்.ஜே., பி.கே.ஜிப் நிரல்களில் வந்தது. தபாலிலும் கப்பலிலும் மென்பொருள் பயணித்த காலத்துக்கு அது ஏற்ற வசதி. கடைசி ஃபிளாப்பி பழுதானால், பதிலுக்கு வேறொன்று அடுத்த கப்பலில்தான் வரும். தாமதம் மிகுந்த வழியில் மறுபடி அனுப்பும் செலவு கூடும் என்ற விதி இங்கும் அதேதான்.

கடலடிக் கம்பி

இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2014 ஜூலையில் தீவுகளின் தொலைத்தொடர்பை மேம்படுத்துவது பற்றிய பரிந்துரையில் கடலடிக் கம்பியை வலியுறுத்தியது. 2018 டிசம்பர் 30 அன்று போர்ட் பிளேரில் அடிக்கல் நாட்டப்பட்டது. பி.எஸ்.என்.எல். நிறைவேற்றிய, ஏறத்தாழ 1,224 கோடி ரூபாய் செலவிலான திட்டத்தில் 2,300 கிலோமீட்டர் அளவு கம்பி பதிக்கப்பட்டு, 2020 ஆகஸ்ட் 10 அன்று சேவை தொடங்கியது. சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கும், அங்கிருந்து ஸ்வராஜ் தீவு, லாங் தீவு, ரங்கத், லிட்டில் அந்தமான், கார் நிக்கோபார், கமோர்ட்டா, கிரேட் நிக்கோபார் ஆகிய இடங்களுக்கும் கம்பி போகிறது. 2024 செப்டம்பரில் போர்ட் பிளேருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் சூட்டப்பட்டது.

சென்னை–போர்ட் பிளேர் வழியின் கொள்ளளவு விநாடிக்கு இரண்டு 200 கிகாபிட். தீவுகளுக்கு இடையே இரண்டு 100 கிகாபிட். 400 கிகாபிட் என்பது 2,400 பிட் மோடத்தைவிட 16 கோடி மடங்குக்கு மேல். தாமதத்தில் அத்தகைய பாய்ச்சல் இல்லை. கண்ணாடியிழையில் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். கம்பியின் வளைவுகளைச் சேர்த்து 1,400 கிலோமீட்டர் என்று கொண்டாலும் போய்வர 14 மில்லிவிநாடி. செயற்கைக்கோளின் அரை விநாடியோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ 35 மடங்குதான் குறைவு. இன்னும் பல இழைகளைச் சேர்த்துக் கொள்ளளவைப் பெருக்கலாம். தாமதம் இதற்குக் கீழே அதிகம் இறங்காது, அதைத் தீர்மானிப்பது தூரமும் ஒளியின் வேகமும்.

கம்பி எட்டாத சிறு தீவுகளுக்கும், கடலில் செல்லும் கப்பல்களுக்கும் செயற்கைக்கோள் இன்றும் தேவை. அங்கே அரை விநாடித் தாமதத்தோடு வேலைசெய்யும் நெறிமுறைகள் இசட்மோடம் கண்ட வழியையே பின்பற்றுகின்றன: பதிலுக்குக் காத்திராமல் அனுப்பு, கெட்டதை மட்டும் மறுபடி அனுப்பு. கம்பி போன இடங்களிலும் சுருக்கம் ஓயவில்லை. கொள்ளளவு பெருகப் பெருக அனுப்பப்படும் படமும் காணொளியும் பெருகுகின்றன. மடங்குகள் மாறினாலும், ஒரு பிட்டில் எவ்வளவு தகவல் அடக்கலாம் என்பதற்கு ஷானன் வரைந்த எல்லை அப்படியே இருக்கிறது.